சிறுநீரகத்தைக் காக்கும் அகத் துப்புரவு

உடலில் உண்டாகும் கழிவுப் பொருள்களை இரத்தத்தினின்றும் பிரித்து வெளியேற்றுவது சிறுநீரகங்களின் தொழில் என்பது பள்ளி மாணவரும் அறிந்த செய்தியாகும். ஆனால், அச்சிறுநீரகங்களை ஆக்கியுள்ள உயிரணுக்களுக்குள்ளும் நாள்தோறும் கழிவு சேருகின்றது என்பதும், அக்கழிவை அவ்வணுக்கள் தாமே அகற்றிக் கொள்ளுகின்றன என்பதும் அத்துணைப் பரவலாக அறியப்பட்டவை அல்ல. இந்த அகத் துப்புரவு செவ்வனே நடைபெறும் வரையில் சிறுநீரகம் பல இடையூறுகளைத் தாங்கி நிற்கின்றது. அது தளர்ந்துவிடின், தாங்கக்கூடிய சிறு இடையூறும் பெருங்கேடாக முடிகின்றது.

சிறுநீரக நோயின் தொடக்க நிலையில் நோயாளிக்கு வலியோ வேறு துன்பமோ பெரும்பாலும் தோன்றுவதில்லை. நோய் வெளிப்படும்போது சிறுநீரகத்தின் ஆற்றலில் பெரும்பகுதி அழிந்து போயிருப்பதும் உண்டு. ஆதலின், சிறுநீரக அணுக்கள் தம்மைத் தாமே காத்துக் கொள்ளும் முறையையும், அம்முறை எவ்வெவற்றால் தடைப்படுகின்றது என்பதையும் கிராம சுகாதார ஊழியர்களும் ஆசிரியர்களும் அறிந்திருப்பது பெரிதும் பயன்தரும்.

சிறுநீரகத்தின் உழைப்பு

முதுகெலும்பின் இரு மருங்கிலும் அவரை விதை வடிவில் அமைந்துள்ள சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து, உடல் எடையில் நூற்றில் ஒரு பங்கிற்கும் குறைந்தவையே. எனினும், இதயம் நிமிடந்தோறும் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 1 லிட்டருக்குச் சற்று மேற்பட்ட அளவு, இவற்றினூடே பாய்கின்றது.

ஒவ்வொரு சிறுநீரகத்திலும் சராசரியாகப் 10 லட்சம் நெப்ரான்கள் உள்ளன. நெப்ரான் என்பது சிறுநீரகத்தின் அடிப்படை உறுப்பு. அதன் தலைப்பில் மிக மெல்லிய இரத்தத் தந்துகிகள் சுருண்டு ஒரு முடிச்சாக அமைந்துள்ளன. அம்முடிச்சிலிருந்து வடியும் நீர், அதனைத் தொடர்ந்துள்ள நுண்குழலுக்குள் செல்லுகின்றது. நெப்ரான்கள் யாவும் சேர்ந்து ஒரு நாளில் வடிகட்டும் நீரின் அளவு சுமார் 180 லிட்டர். 15 லிட்டர் கொள்ளும் குடத்தால் அளப்பின் இது 12 குடமாகும். சிறுநீராக வெளியேறுவதோ 1 முதல் 2 லிட்டர் வரைதான். எஞ்சிய நீர் முழுவதையும், அதில் கரைந்துள்ள சுமார் 1½ கிலோகிராம் உப்பில் மிகப் பெரும் பகுதியையும், 180 கிராம் அளவிலான சர்க்கரையையும் நுண்குழல்களின் அணுக்கள் மீட்டு இரத்தத்தில் சேர்த்துவிடுகின்றன.

இந்த மீட்பு வேலையில் பெரும் பங்கைச் செய்வது நுண்குழலின் முதற்பகுதியாகும். நீரிலும் உப்பிலும் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கும், சர்க்கரையும் அமினோ அமிலங்களும் அநேகமாக முழுவதும் இப்பகுதியிலேயே மீட்கப்படுகின்றன. இவ்வேலைக்கு மிகுந்த சக்தி தேவை. அச்சக்தியை உண்டாக்கும் நுண்ணுறுப்புகள் மைட்டோகாண்டிரியா எனப்படும். முதற்பகுதி அணுக்களில் இவை நெருக்கமாக நிறைந்துள்ளன.

இனி, தந்துகி முடிச்சின் வெளிப்புறத்தை மற்றொரு வகை அணுக்கள் போர்த்திக் கொண்டிருக்கின்றன. கால் போன்ற நீட்சிகளால் தந்துகிகளைப் பற்றி நிற்பதால் இவற்றிற்குப் பாத அணுக்கள் என்று பெயர். இரத்தத்திலுள்ள புரதம் வடிநீரில் கலந்துவிடாதபடி காப்பதில் இவற்றிற்கு முக்கியப் பங்கு உண்டு. வளர்ந்த மனிதனில் இவ்வணுக்கள் சாதாரணமாகப் பிளவுபட்டுப் பெருகுவதில்லை. ஓர் அணு அழிந்தால் அதனிடத்தை நிரப்புவது அரிது. நெப்ரான்களின் நிலையும் அத்தகையதே. அவை குழந்தை கருவிலிருக்கும்போதே உருவாகி முடிகின்றன. பிறந்த பின்னர்ப் புதிய நெப்ரான் ஒன்றுகூடத் தோன்றுவதில்லை. நுண்குழலின் அணுக்கள் ஓரளவு பெருகிப் பழுதைச் சரி செய்யக் கூடியவை. எனினும், பழுது மிகுந்தால் அவ்விடத்தில் பயனற்ற வடுத் திசு வளர்ந்துவிடுகின்றது.

இவ்வாறு, கடும் உழைப்பு ஒருபுறமும், மாற்று ஆள் இன்மை மறுபுறமுமாக அமைந்த உறுப்பு சிறுநீரகம். இத்தகைய உறுப்பின் அணு நெடுங்காலம் வாழ வேண்டுமானால், தன்னுள் பழுதுபட்ட பகுதிகளைக் காலந்தோறும் நீக்கிப் புதுப்பித்துக் கொள்வதன்றி வேறு வழியில்லை.

அணுவினுள் கழிவு சேரும் விதம்

அணுவினுள் சேரும் கழிவை மூவகையாகப் பிரிக்கலாம். முதலாவது, தேய்ந்து பழுதுபட்ட மைட்டோகாண்டிரியா. இவை சக்தியை உண்டாக்கும்போது பிராணவாயுவின் தீவிர வடிவங்கள் சிறிதளவு வெளிப்படும். பழுதுபட்டவற்றிலிருந்து இவை மிகுதியாகக் கசிந்து, சுற்றியுள்ள புரதங்களையும் கொழுப்புச் சவ்வுகளையும் கெடுக்கின்றன. இரண்டாவது, உரிய வடிவில் மடியாது திரண்டு கட்டியாகும் புரதங்கள். மூன்றாவது, வடிநீரிலிருந்து நுண்குழல் அணு விழுங்கும் பொருள்கள். சிறிதளவு கசிந்து வரும் புரதங்களையும் சில மருந்துகளையும் இவ்வணுக்கள் இழுத்துக் கொள்ளுகின்றன. இம்மூன்றாம் வகைக் கழிவு சிறுநீரகத்திற்கே சிறப்பாக உரிய சுமையாகும்.

துப்புரவு நடைபெறும் முறை

அணுவின் அகத் துப்புரவிற்கு விஞ்ஞானிகள் வழங்கும் பெயர் ஆட்டோபேஜி என்பது. தான், உண்ணுதல் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களால் ஆகியது இப்பெயர். தமிழில் இதனைத் தன்னுண்ணல் எனலாம். இது நான்கு படிகளில் நடைபெறுகின்றது.

முதற்படி, கட்டளை. அணுவில் உணவுச் சத்து நிறைந்திருக்கும்போது, டார் எனப்படும் ஒரு புரதம் தன்னுண்ணலை அடக்கி வைக்கின்றது. சத்துக் குறைந்தாலும், சக்தி தாழ்ந்தாலும், வேறு நெருக்கடி நேர்ந்தாலும் அவ்வடக்குதல் தளர்கின்றது. உடனே துப்புரவு வேகம் பெறுகின்றது. நெருக்கடி இல்லாத வேளையிலும் அது முற்றும் நின்றுவிடுவதில்லை. சிறு அளவில் எப்போதும் நடந்துகொண்டேயிருக்கும். பாத அணுக்களில் இந்த அன்றாடத் துப்புரவு குறிப்பிடத்தக்க அளவில் மிகுந்திருப்பது ஆராய்ச்சியால் தெரியவந்துள்ளது.

இரண்டாம் படி, அடையாளமிடுதல். நீக்கப்பட வேண்டிய பொருளின்மீது யூபிக்விட்டின் என்னும் சிறு புரதம் முத்திரைபோல் ஒட்டப்படுகின்றது. மைட்டோகாண்டிரியாவைப் பொறுத்தவரையில் இதற்கெனத் தனி ஏற்பாடு உண்டு. பிங்க்-1 என்னும் புரதம் நல்ல நிலையிலுள்ள மைட்டோகாண்டிரியாவினுள் இழுக்கப்பட்டு அழிக்கப்பட்டுவிடும். பழுதுபட்டதனுள் அது நுழைய இயலாமல் மேற்பரப்பிலேயே தங்கி, பார்க்கின் என்னும் மற்றொரு புரதத்தை வரவழைக்கின்றது. பார்க்கின் வந்து முத்திரையிடுகின்றது. இவ்வாறு நல்லதும் கெட்டதும் வேறுபிரித்து அறியப்படுகின்றன.

மூன்றாம் படி, பொதிதல். அணுவினுள் பிறை வடிவில் ஒரு சவ்வு தோன்றி, அடையாளமிட்ட பொருளைச் சுற்றி வளர்ந்து, இரட்டைச் சுவருள்ள ஒரு பையாக மூடிக் கொள்ளுகின்றது. இப்பையின் குறுக்களவு ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவினது.

நான்காம் படி, செரித்தல். லைசோசோம் எனப்படும் நுண்பைகள் அணுவில் உள்ளன. புரதம், கொழுப்பு, மாவுப் பொருள் முதலியவற்றைச் சிதைக்கும் நொதிகள் ஏறத்தாழ அறுபது வகை இவற்றுள் அடங்கியிருக்கின்றன. இவற்றின் உட்புறம், அணுவின் பிற பகுதியைக் காட்டிலும் நூறு மடங்கிற்கு மேல் அமிலத் தன்மை உடையது. கழிவைப் பொதிந்த பை லைசோசோமுடன் இணைந்ததும் உள்ளிருப்பவை சிதைக்கப்படுகின்றன. கிடைக்கும் அமினோ அமிலங்களும் கொழுப்பு அமிலங்களும் மீண்டும் அணுவின் உபயோகத்திற்கே திரும்புகின்றன. ஆகவே, தன்னுண்ணல் என்பது கழிவு நீக்கம் மட்டுமன்று. பழைய பொருளிலிருந்து புதுப்பொருள் ஆக்கும் தொழிலுமாகும்.

கண்டறிந்த வரலாறு

லைசோசோமைக் கண்டறிந்தவர் பெல்ஜிய நாட்டு விஞ்ஞானியாகிய கிறிஸ்டியன் டி டூவ். லூவேன் நகரில் எலியின் கல்லீரல் அணுக்களை அரைத்து, விரைவாகச் சுழலும் பொறியிலிட்டுப் பிரித்து ஆராய்ந்த அவர், 1955 ஆம் ஆண்டில் இந்நுண்பைகளுக்கு அப்பெயரைச் சூட்டினார். இவ்வரலாற்றில் சிறுநீரகத்திற்கும் ஓர் இடமுண்டு. 1957 இல் சாம் கிளார்க் என்பவர், பிறந்த சுண்டெலிக் குஞ்சுகளின் சிறுநீரக அணுக்களை எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பின் வாயிலாக ஆராய்ந்தபோது, சில பைகளுக்குள் மைட்டோகாண்டிரியா அடைபட்டிருப்பதைக் கண்டார். 1959 இல் அலெக்ஸ் நோவிகாஃப், சிறுநீர் வெளியேற வழியின்றி வீங்கிய சிறுநீரகத்தின் நுண்குழல் அணுக்களில் அத்தகைய பைகளைக் கண்டு விவரித்தார். ஆட்டோபேஜி என்னும் பெயரை டி டூவ் 1963 ஆம் ஆண்டில், லண்டன் நகரில் லைசோசோம்களைப் பற்றி நடைபெற்ற ஒரு கருத்தரங்கில் முன்மொழிந்தார். 1974 இல் அவருக்கு வேறு இருவருடன் நோபெல் பரிசு வழங்கப்பட்டது.

பைகள் கண்ணுக்குப் புலப்பட்டனவேயன்றி, அவற்றை ஆக்கும் மரபுக் கூறுகள் யாவை என்பது நெடுநாள் விளங்கவில்லை. இவ்விடுகதையை விடுவித்தவர் ஜப்பானிய விஞ்ஞானி யோஷிநோரி ஓசுமி. அவர் தேர்ந்தெடுத்தது ரொட்டி செய்யப் பயன்படும் ஈஸ்ட் என்னும் எளிய உயிர். செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட் வகையைப் பட்டினியிட்டால், பைகள் சிதைக்கப்படாமல் குவியும், அப்போது அவற்றைச் சாதாரண மைக்ராஸ்கோப்பிலேயே காண இயலும் என்று அவர் கருதினார். அவ்வாறே கண்டு 1992 இல் வெளியிட்டார். அடுத்த ஆண்டில், துப்புரவு நிகழாத ஈஸ்ட் வகைகளைப் பிரித்தெடுத்து, அதற்கு இன்றியமையாத 15 ஜீன்கள் இருப்பதைக் காட்டினார். அவற்றை ஒத்த ஜீன்கள் மனிதரிடமும் உள்ளன. 2016 ஆம் ஆண்டின் மருத்துவ நோபெல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

சோதனைகள் காட்டுபவை

ஓர் உறுப்பில் ஒரு தொழில் எதற்காக நடைபெறுகின்றது என்பதை அறிய, அத்தொழிலை மட்டும் நிறுத்திவிட்டு விளைவைக் காண்பது ஆராய்ச்சியாளர் கையாளும் முறை. தன்னுண்ணலுக்கு வேண்டிய ஜீன்களுள் ஒன்றைச் சிறுநீரகத்தின் ஒரு வகை அணுவில் மட்டும் நீக்கிய சுண்டெலிகளைக் கொண்டு பல சோதனைகள் செய்யப்பட்டன.

ஜெர்மனியின் பிரைபுர்க் நகர ஆராய்ச்சியாளர் 2010 இல் வெளியிட்ட சோதனையில், பாத அணுக்களில் மட்டும் துப்புரவு நிறுத்தப்பட்டது. இளமையில் அச்சுண்டெலிகளிடம் பெரிய குறை புலப்படவில்லை. ஆனால் மூப்பு எய்தியபோது அவற்றின் பாத அணுக்களில் கெட்ட புரதங்கள் குவிந்தன. சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதம் ஒழுகியது. தந்துகி முடிச்சுகள் தழும்பேறிக் கெட்டன. அன்றாடத் துப்புரவு நின்றதன் கேடு உடனே தெரியாமல், காலம் கடந்தே வெளிப்பட்டது என்பது இங்குக் கவனிக்கத்தக்கது.

ஜப்பானின் ஒசாகா நகர ஆராய்ச்சியாளர் 2011 இல், நுண்குழலின் முதற்பகுதி அணுக்களில் துப்புரவை நிறுத்தினர். அவ்வணுக்களில் உருக்குலைந்த மைட்டோகாண்டிரியாவும் புரதக் கட்டிகளும் நிறைந்தன. பின்னர், சிறுநீரகத்திற்குச் செல்லும் இரத்தத்தைச் சிறிது நேரம் தடுத்து மீண்டும் விட்டனர். சாதாரணச் சுண்டெலிகளைவிட இவற்றின் சிறுநீரகங்கள் மிகக் கடுமையாகப் பழுதடைந்தன.

இரத்தம் தடைப்படுவதே அன்றி, அது திரும்புவதும் தீங்கு செய்வது எங்ஙனம் எனின், தடைக் காலத்தில் மைட்டோகாண்டிரியா பழுதுபடுகின்றன. இரத்தம் மீளும்போது அதனுடன் வரும் பிராணவாயுவைக் கொண்டு அவை தீவிரப் பொருள்களைப் பெருவாரியாக வெளியிடுகின்றன. துப்புரவு விழிப்பாக இருந்தால் அத்தகைய மைட்டோகாண்டிரியா அப்போதே பொதிந்து நீக்கப்படும். இல்லையேல் அணு மாண்டுபோகின்றது. கடும் வயிற்றுப்போக்கு, மிகுந்த இரத்த இழப்பு, பெரிய அறுவைச் சிகிச்சை ஆகியவற்றின்போது மனிதரிடம் நிகழக்கூடிய திடீர்ச் சிறுநீரகப் பழுதில் இந்நிகழ்ச்சிக்குப் பங்குண்டு.

நச்சுத் தன்மையுள்ள மருந்துகளைக் கொண்டும் சோதனைகள் நடைபெற்றன. புற்றுநோய்க்கு வழங்கப்படும் சிஸ்பிளாட்டின் என்னும் மருந்து, நுண்குழல் அணுக்களைத் தாக்கும் இயல்புடையது. துப்புரவு நிறுத்தப்பட்ட சுண்டெலிகளில் இத்தாக்குதல் அதிகமாக இருந்ததை 2012 இல் ஜப்பானிய, அமெரிக்க ஆராய்ச்சியாளர் தனித்தனியே எடுத்துக்காட்டினர்.

லைசோசோமே பழுதுபட்டால் யாது நேரும் என்னும் கேள்விக்கும் விடை உண்டு. யூரிக் அமிலத்தின் படிகம் போன்ற கூரிய பொருள் லைசோசோமின் சுவரைக் கிழித்துவிடக்கூடும். அதன் நொதிகள் வெளிவந்தால் அணுவிற்கே ஆபத்து. கிழிந்த லைசோசோமையும் தன்னுண்ணல் பொதிந்து நீக்குகின்றது என்றும், இவ்வசதி இல்லாத சுண்டெலிகளில் யூரிக் அமிலத்தால் விளையும் சிறுநீரகக் கேடு மிகுகின்றது என்றும் 2013 இல் ஜப்பானிய விஞ்ஞானிகள் கண்டனர்.

துப்புரவு தடைப்படும் சூழ்நிலைகள்

மனிதரிடம் துப்புரவு பல காரணங்களால் தளரக்கூடும். பிறவிக் குறை அவற்றுள் ஒன்று. சிஸ்டினோசிஸ் என்னும் அரிய நோயில், சிஸ்டின் என்னும் பொருள் லைசோசோமைவிட்டு வெளியேற வழியின்றிப் படிகமாகத் தேங்குகின்றது. இந்நோயுற்ற குழந்தைகளின் நுண்குழல் அணுக்கள் மீட்கும் ஆற்றலை இழக்கின்றன. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சிறுநீரில் வீணாகின்றன. ஃபாப்ரி நோயில் ஒரு நொதி குறைவதால் ஒருவகைக் கொழுப்பு லைசோசோம்களில் தேங்கி, காலப்போக்கில் சிறுநீரகம் செயலிழக்கின்றது. இந்நோய்கள் அரியவையே. எனினும், லைசோசோம் கெட்டால் சிறுநீரகம் எத்துணைத் துன்புறும் என்பதற்கு இவை சான்றாகின்றன.

மருந்துகளும் தடையாகலாம். ஜென்டாமைசின் வகையைச் சேர்ந்த கிருமிக்கொல்லிகளை நுண்குழல் அணுக்கள் விழுங்கி லைசோசோம்களில் சேர்த்துக் கொள்ளுகின்றன. அளவு மிகுந்தாலோ நாள் நீடித்தாலோ லைசோசோம்கள் உப்பி, அணு கெடுகின்றது. எனவேதான் இம்மருந்தை மருத்துவர்கள் நோயாளியின் சிறுநீரக நிலையை அறிந்து, அளவிட்டு வழங்குகின்றனர்.

உணவு மிகுதியும் உடற்பருமனும் அணுவில் சத்து எப்போதும் நிறைந்திருக்கும் நிலையை உண்டாக்குகின்றன. கொழுப்பு மிகுந்த உணவு தரப்பட்ட சுண்டெலிகளின் நுண்குழல் அணுக்களில் லைசோசோம்கள் செயல் தளர்ந்து, துப்புரவு இடையில் தேங்கியது காணப்பட்டுள்ளது.

மூப்பும் ஒரு காரணம். இளஞ்சுண்டெலிகளைப் பட்டினியிட்டால் சிறுநீரக அணுக்களில் துப்புரவு விரைவாக உயர்கின்றது. முதிர்ந்தவற்றிலோ அன்றாடத் துப்புரவே உயர்ந்த நிலையில் நடந்துகொண்டிருக்கின்றது. நெருக்கடி வரும்போது அதற்குமேல் உயர இயலவில்லை. சேமிப்பு முழுவதையும் அன்றாடச் செலவிற்கே பயன்படுத்திவிட்ட குடும்பம், நோய் வந்தபோது தடுமாறுவதை இந்நிலை ஒத்தது. முதியவர்களுக்குச் சிறு காய்ச்சலும் நீர்க்குறைவும்கூடச் சிறுநீரகக் கேடாக முடிவதற்கு இதுவும் ஒரு காரணமாகலாம்.

இந்தியாவில் ஆந்திரப் பிரதேசத்தின் ஸ்ரீகாகுளம் மாவட்டத்து உத்தானம் பகுதியிலும், இலங்கையின் சில பகுதிகளிலும், மத்திய அமெரிக்காவிலும் உழவுத் தொழிலாளரிடையே ஒருவகை நாட்பட்ட சிறுநீரக நோய் காணப்படுகின்றது. இவர்களுள் பலருக்கு நீரிழிவு இல்லை. இரத்தக் கொதிப்பும் தொடக்கத்தில் இருப்பதில்லை. காரணம் இன்னும் முடிவாக நிறுவப்படவில்லை. இத்தகைய நோயாளிகளின் நுண்குழல் அணுக்களில் உருமாறிப் பெருத்த லைசோசோம்கள் உள்ளன என்றும், இது நச்சுப் பொருளின் விளைவாகலாம் என்றும் 2020 இல் ஓர் ஆராய்ச்சிக் குழு கருத்துத் தெரிவித்தது. அம்மாறுதல்கள் இந்நோய்க்கே உரியவை அல்ல என்று வேறு சிலர் மறுத்துள்ளனர். வெப்பத்தில் நீர் குறைந்து உழைப்பதும் ஒரு காரணமாகக் கருதப்படுகின்றது.

அளவும் காலமும்

இவற்றையெல்லாம் கேட்டறிந்தவர், துப்புரவை மருந்தாலோ பட்டினியாலோ தூண்டிவிட்டால் சிறுநீரகம் காக்கப்படும் அன்றோ என்று கேட்கக்கூடும். இக்கேள்விக்கு ஆம் என்று விடையளிக்க இன்று இயலாது.

ராபமைசின் என்னும் மருந்தின் வரலாறு இதனைத் தெளிவாக்கும். பசிபிக் பெருங்கடலிலுள்ள ஈஸ்டர் தீவின் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து இப்பொருளைப் பிரித்து, 1975 இல் உலகறியச் செய்த குழுவிற்குத் தலைமை தாங்கியவர் சுரேந்திரநாத் சேகல். அவர் பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில் பிறந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பயின்று, கனடாவில் பணியாற்றியவர். இம்மருந்து டார் என்னும் புரதத்தை அடக்குவதால் தன்னுண்ணல் தூண்டப்படுகின்றது. டார் என்னும் பெயரே இம்மருந்தின் இலக்கு என்னும் பொருளில் பின்னர் அமைந்ததாகும். சுண்டெலிகளில் சில வகைச் சிறுநீரகக் கேடுகளை இது தணித்தது. ஆனால், மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பட்டவர்களுக்கு உடலின் எதிர்ப்பை அடக்க இதனை வழங்கியபோது, சிலருக்குச் சிறுநீரில் புரதம் ஒழுகத் தொடங்கியது. பழுதுற்ற சிறுநீரகம் மீண்டெழுவதும் தாமதப்பட்டது. டார் அணுவின் வளர்ச்சிக்கும் பழுதுபார்ப்பிற்கும் வேண்டிய புரதமாதலின், அதனை அடக்குவது ஒருவகையில் நன்மையும் மற்றொரு வகையில் தீமையுமாக முடிகின்றது.

துப்புரவு காலவரையின்றி நீடிப்பதும் நன்றன்று. திடீர்ப் பழுதின்போது காக்கின்ற அதே தொழில், பழுது தீர்ந்த பின்னரும் ஓயாது நீடித்தால், வடுத் திசு வளரத் துணை செய்கின்றது என்று சில சோதனைகள் காட்டியுள்ளன. பட்டினியைப் பொறுத்தவரை, ஜெர்மனியில் இதய அறுவைச் சிகிச்சைக்கு முன் ஒரு வாரம் நோயாளிகளின் உணவைக் குறைத்துச் சோதித்தனர். 2018 இல் வெளியான முடிவின்படி, சிகிச்சையை அடுத்து இரத்தத்தில் கிரியேட்டினின் உயர்வதை அது தடுக்கவில்லை. தன்னுண்ணலைத் தூண்டுவதன்மூலம் சிறுநீரகத்தைக் காப்பது என்று நிறுவப்பட்டு வழக்கிற்கு வந்த மருந்து எதுவும் இதுவரை இல்லை. மேற்கண்ட சோதனைகளில் பெரும்பாலானவை சுண்டெலிகளில் செய்யப்பட்டவை என்பதையும் மறத்தலாகாது.

களப் பணியாளர் கருத வேண்டியவை

துப்புரவைத் தூண்டும் வழி கைவரவில்லையெனினும், அதன்மீது ஏற்றப்படும் சுமையைக் குறைக்கும் வழிகள் தெளிவாகவே உள்ளன.

1. நீர்க்குறைவு. வயிற்றுப்போக்கு, வாந்தி ஆகியவற்றில் தாமதமின்றி உப்புச் சர்க்கரைக் கரைசல் தருதல் வேண்டும். வெயிலில் உழைப்போர் இடையிடையே நீரருந்தவும் நிழலில் ஓய்வு கொள்ளவும் அறிவுறுத்த வேண்டும்.

2. வலி நீக்கி மாத்திரைகள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகைகள் சிறுநீரகத்தின் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக் கூடியவை. நீர் வற்றிய உடலில் இவற்றின் தீங்கு பன்மடங்காகும். மூட்டு வலிக்கு நாள்தோறும் கடையில் வாங்கி உண்ணும் வழக்கத்தைத் தடுக்க வேண்டும்.

3. மூலிகைகள். இயற்கைப் பொருள் யாவும் தீங்கற்றவை அல்ல. ஆடுதின்னாப்பாளை, ஈசுவரமூலி ஆகியவற்றை உள்ளிட்ட தாவரக் குடும்பத்தில் காணப்படும் அரிஸ்டோலோக்கிக் அமிலம், நுண்குழல் அணுக்களை அழித்துப் புற்றுநோயையும் விளைவிப்பது என்று நிறுவப்பட்டுள்ளது.

4. பாம்புக்கடி. கண்ணாடி விரியனின் நஞ்சு திடீர்ச் சிறுநீரகப் பழுதை உண்டாக்குவது. காலம் போக்காமல் நச்சுமுறி மருந்து கிடைக்கும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுதல் வேண்டும்.

5. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும். இவ்விரண்டும் நாட்பட்ட சிறுநீரக நோயின் தலையாய காரணங்கள். இவை உள்ளவர்கள் ஆண்டிற்கு ஒருமுறையேனும் சிறுநீரில் ஆல்புமினும் இரத்தத்தில் கிரியேட்டினினும் சோதித்துக்கொள்ள வேண்டும். சிறுநீரகத்தின் ஆற்றலில் ஏறத்தாழப் பாதி குறையும் வரையில் கிரியேட்டினின் அளவு இயல்பாகவே தோன்றக்கூடும். ஆதலின் சிறுநீர்ச் சோதனையை விட்டுவிடலாகாது.

6. உண்ணாநோன்பு. அணுக்களைத் துப்புரவு செய்யும் என்னும் நம்பிக்கையில் நீரும் அருந்தாமல் நெடுநேரம் நோன்பிருப்பது, சிறுநீரக நோயாளிக்கும் நீரிழிவுக்கு மருந்துண்போருக்கும் ஆபத்தானது. மருத்துவரைக் கலந்தே எதனையும் செய்தல் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு

உயர்நிலை வகுப்புகளில் இப்பாடத்தைச் சிறு கணக்குடன் தொடங்கலாம். ஒருவருடைய இரத்தத்தில் திரவப் பகுதி சுமார் 3 லிட்டர் எனின், 180 லிட்டர் வடிகட்டப்படுவதற்கு அது நாளொன்றுக்கு எத்தனை முறை சிறுநீரகத்தில் வடிகட்டப்பட வேண்டும் என்று கேட்கலாம். 60 முறை என்னும் விடையே உறுப்பின் உழைப்பை மாணவர் மனத்தில் பதியச் செய்யும். தொடர்ந்து, கட்டளை, அடையாளம், பொதிதல், செரித்தல் ஆகிய நான்கு படிகளையும் கரும்பலகையில் வரைந்து காட்டலாம். பின்வரும் வினாக்கள் பாடத்தை மீள நினைக்க உதவும்.

1. நுண்குழலின் முதற்பகுதி அணுக்களில் மைட்டோகாண்டிரியா மிகுந்திருப்பது ஏன்?

2. பழுதுபட்ட மைட்டோகாண்டிரியாவை அணு எவ்வாறு அடையாளம் காண்கின்றது?

3. பாத அணுக்களில் துப்புரவு நிறுத்தப்பட்ட சுண்டெலிகளில் கேடு மூப்பில் வெளிப்பட்டது. இதிலிருந்து அறியத்தக்கது யாது?

4. ஓசுமி தம் சோதனைக்குச் செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்டைத் தேர்ந்தெடுத்ததன் காரணம் யாது?

5. தன்னுண்ணலைத் தூண்டும் மருந்து எப்போதும் நன்மையே செய்யும் என்று கூறலாமா? காரணம் தருக.

கருவில் அமைந்த நெப்ரான்களைக் கொண்டே மனிதன் தன் ஆயுள் முழுவதும் வாழ வேண்டியவனாக இருக்கின்றான். அவற்றைப் புதிதாக ஆக்கித் தர எவராலும் இன்று இயலாது. அவற்றின் அணுக்களோ இரவும் பகலும் தம் பழுதைத் தாமே நீக்கிக் கொள்ளும் ஆற்றல் பெற்றுள்ளன. அவ்வாற்றலுக்கு ஓர் எல்லை உண்டு என்பதை உணர்ந்து, அதனைக் கடக்கும் சுமையை ஏற்றாதிருப்பதே இன்றைய அறிவு காட்டும் நெறி. தக்க தருணத்தில் அளிக்கப்படும் ஒரு குவளைக் கரைசலும், தடுக்கப்படும் ஒரு வேண்டாத மாத்திரையும், உரிய காலத்தில் செய்யப்படும் ஒரு சிறுநீர்ச் சோதனையும் அந்நெறியில் கிராமத்திலேயே செய்யத்தக்க பணிகளாகும்.